நூற்று நாற்பத்து மூன்று பேர்

கேமராவை அணைத்துவிட்டு எழுந்தாள். இரண்டே நிமிடம்தான். சிலிண்டர்க்காரர் வாசலில் மணியடித்துக்கொண்டே இருந்தார்.

மடிக்கணினியில் அருளப்பன் சார் பேசிக்கொண்டிருந்தார். ஆற்று நத்தைகளைப் பற்றி. முப்பது வருட உழைப்பு. இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். இதுதான் அவருக்குக் கடைசிக் கருத்தரங்கு.

நேற்று போன் செய்திருந்தார்.

"நீ மட்டுமாவது கேமராவப் போட்டுட்டு உக்காரும்மா. எதிர்ல ஒரு முகம் இருந்தாத்தான் எனக்குப் பேச வரும்."

அவரிடம்தான் அவள் ஆராய்ச்சி செய்தாள். அப்போதெல்லாம் கருத்தரங்கு என்றால் அவளுக்கு முதல் வரிசை. அவளைப் பார்த்தே பேசி முடிப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடமாக எங்கும் போக முடியவில்லை. ஆன்லைன் வந்ததே, புண்ணியம். வீட்டிலிருந்தே கேட்கலாம். அடுப்பையும் பார்த்துக்கொள்ளலாம்.

நூற்று நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். முகம் இல்லை, பெயர்தான். எல்லாம் சான்றிதழுக்கு வந்த கூட்டம். உள்ளே நுழைந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என்ன ஜென்மங்களோ என்று காலையில் அவளே திட்டினாள்.

சிலிண்டரை மாற்றினாள். அப்படியே குழம்பையும் தாளித்தாள். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்தபோது பேச்சு நின்றிருந்தது.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது இருக்கீங்களா?"

பதில்கள் எழுத்தில் வந்து விழுந்தன. எஸ் சார். எஸ் சார். அருமையான உரை சார். எஸ் சார்.

கேமராவைப் போடப் போனாள். முகமெல்லாம் வியர்வை. புடவையில் குழம்பு தெறித்திருந்தது. இந்தக் கோலத்தில் எப்படி?

அவளும் தட்டினாள். எஸ் சார்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். ஒரு பெயரில் நின்றார்.

"நீயும் எழுதித்தான் சொல்றியாம்மா?"

கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

கேமராவைப் போட்டாள். அதற்குள் அவர் குனிந்து தாள்களை அடுக்கத் தொடங்கியிருந்தார். நிமிராமலே நன்றி சொன்னார். அவர் இருந்த கட்டம் கறுத்துப்போனது.

கூட்டத்தை நடத்தியவர் சான்றிதழுக்கான படிவத்தை அனுப்பினார். பெயர்கள் மளமளவென்று குறைந்தன.

சாருக்குப் பேச ஒதுக்கிய நேரத்தில் இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.