தேதி சொல்லுங்க

விதிகளை மாற்றச் சொல்லி அதிகாரிகளிடம் எப்படிப் பேசுவது என்று பல தொழில்காரர்களுக்கும் ஒரே கூடத்தில் பயிற்சி நடந்தது. பேருந்து ஓட்டுநருக்கு வகுப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. வாயில்லாப் பூச்சியான தன் மனைவியும் நாலு வார்த்தை பேசக் கற்றுக்கொள்ளட்டும் என்று, அடுத்த வகுப்புக்கு அவள் பெயரையும் கொடுத்திருந்தார்.

"தனியா போனா மதிக்க மாட்டாங்க. வேற வேற தொழில்காரங்களைச் சேர்த்துக்கிட்டுப் போங்க. தேதி வாங்காம திரும்பாதீங்க," என்றார் பயிற்சியாளர். "இப்ப நான்தான் அதிகாரி. கேளுங்க."

நர்ஸம்மா எழுந்தார். "நைட் டூட்டி முடிச்ச நர்ஸே காலைச் சமையலும் செய்யணும்னு எங்க இடத்துல ஒரு விதி. அதை மாத்தணும், சார்."

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "பரிசீலிக்கிறோம்."

ஓட்டுநர் வரிந்துகட்டிக்கொண்டு எழுந்தார். "அதெல்லாம் வேணாம். தேதி சொல்லுங்க."

தையல்காரர் போய்க் கதவை மறித்து நின்றார்.

"சரி, நாளையிலேர்ந்து மாத்திடறோம்," என்றார் பயிற்சியாளர், நர்ஸம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

கைதட்டல் அடங்கியதும் ஓட்டுநர் கேட்டார். "எந்த ஆஸ்பத்திரிம்மா இப்படி அநியாயம் பண்றது?"

"ஆஸ்பத்திரி இல்லீங்க, எங்க வீடு. பாடம் நடத்துற இவருதான் என் வீட்டுக்காரர். இத்தனை வருஷமா தனியா கேட்டுப் பார்த்தேன், மசியல."

அடுத்த வகுப்புப் பட்டியலில் தன் மனைவியின் பெயரை அடிக்க ஓட்டுநர் மெல்லப் பேனா தேடினார். பயிற்சியாளரே எடுத்துக் கொடுத்தார்.