பூட்டில்லாத கனெக்‌ஷன்

“பத்து வருஷமா ஓடுற கனெக்‌ஷன் மேடம். அதை எதுக்கு மாத்தணும்?” என்றார் மேனேஜர்.

“பூட்டே இல்லாத கனெக்‌ஷன் சார். நீங்க இங்கே அடிக்கிறதை, சர்வருக்குப் போற வழியில யார் வேணும்னாலும் படிக்கலாம். புதுசுல எல்லாமே சங்கேதமாத்தான் போகும்” என்றாள் நெட்வொர்க் இன்ஜினீயர்.

“நாம என்ன ராணுவ ரகசியமா அனுப்பறோம்? எவன் மெனக்கெட்டுப் படிக்கப்போறான்?”

“நான் படிச்சேன் சார். காலையில நீங்க அடிச்ச பாஸ்வேர்டு என் ஸ்கிரீன்ல அப்படியே ஓடிச்சு. ‘மாமியார் ஒழிக.’”

மேனேஜருக்கு வேர்த்துக் கொட்டியது. “இன்னைக்கே மாத்திடுங்க மேடம்!”

அவள் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள்.

“இந்த ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் போதும். எங்கம்மா உங்களை அப்படி என்னங்க பண்ணாங்க?”