மாடி காலியாக வேண்டும்

"முதல்ல மாடியைக் காலி பண்ணுங்க சார். பெயிண்ட் எல்லாம் அப்புறம்."

தரகர் இப்படிச் சொன்னதும் வீட்டுக்காரர் மேலே அண்ணாந்து பார்த்தார். மாடியில் யாரோ மெதுவாக நடக்கும் சத்தம்.

தரகருக்குத் தெருவில் 'டேப்' என்று பெயர். அளவுநாடா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் நாலு சுவரையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"குடித்தனம் இருந்தா வீடு விக்காதா?" என்றார் வீட்டுக்காரர்.

"தாராளமா விக்கும். ஆனா அந்தம்மாவோட புருஷன் போய் ரெண்டு மாசம்கூட ஆகலை. வர்றவங்க மாடி ஏறினா அழுது வீங்கின முகம்தான் கண்ணுல படும். அப்புறம் நீங்க தேக்குக் கதவைக் காட்டி என்ன பிரயோஜனம்? எப்படிம்மா இறந்தார்னு ஒரு வார்த்தை கேப்பாங்க. அந்தம்மா உட்கார்ந்து கதை சொல்லும். போச்சு."

வீட்டுக்காரர் அவசரமாகத் தலையாட்டினார். "ஆமா, ஏதாவது சொல்லிடுவாங்க. காலி பண்ணச் சொல்லிடறேன்."

அவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று மூன்று வருடம். பேரனைப் பார்த்துக்கொள்ள மனைவி மகள் வீட்டோடு போய்விட்டாள். வீட்டை விற்றுவிட்டு இவரும் அங்கே போய்ச் சேர வேண்டும். சாப்பாடு கடையில், பேச்சுத்துணை டி.வி.

தரகர் அடுக்கிக்கொண்டே போனார். "சொட்டற குழாய்க்கெல்லாம் வாஷர் மாத்துங்க. சொட்டு சத்தம் கேட்டா, இன்னும் என்னென்ன ஓட்டையோன்னு நினைப்பாங்க. கேட்டுக்கு எண்ணெய் விடுங்க. பாதி சாமானைக் கடத்துங்க, ரூம் பெருசாத் தெரியும். சுவர்ல மாட்டின குடும்பப் படத்தையெல்லாம் கழட்டுங்க. வாங்க வர்றவன் இது தன் வீடுன்னு நினைக்கணும், உங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்தோம்னு நினைக்கக் கூடாது. ஓதம் ஏறின இடத்தைப் பூசி மறைக்காதீங்க, சரி பண்ணுங்க. பொய் ஒரு மழைக்குத் தாங்காது."

அன்று மாலையே வீட்டுக்காரர் மாடி ஏறினார். கதவைத் திறந்தவள் தலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவர் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வீட்டை விக்கப் போறேன்மா. பெயிண்டர் திங்கட்கிழமை வரான்."

இன்றைக்கு வியாழன். அவள் மனதுக்குள் நாட்களை எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

"சரிங்க சார். இனி எங்க போனாலும் ஒரே ரூம்தான் கிடைக்கும். அவரோட கட்டிலை மட்டும் கொஞ்ச நாளைக்குக் கீழ போட்டு வெச்சுக்கலாமா?"

"இடத்தை அடைக்கற சாமான் எதுவும் இருக்கக் கூடாதுன்னு தரகர் சொல்லிட்டாரேம்மா."

"பரவாயில்லைங்க சார்."

ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வண்டி வந்தது. வண்டி கிளம்பும்வரை வீட்டுக்காரர் வெளியே வரவில்லை. சாவி ஜன்னல் விளிம்பில் இருந்தது. கட்டிலைக் காணோம். யாருக்குக் கொடுத்தாளோ, என்ன செய்தாளோ.

மறுநாள் மாடியைப் பார்த்த தரகர் அளவுநாடாவை இழுக்கக்கூட மறந்து நின்றார். தரை கழுவித் துடைத்திருந்தது. ஆணி பிடுங்கிய ஓட்டைகளை அடைத்திருந்தாள். மாசக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாய் கப்சிப்.

"வாஷர் மாத்திட்டுப் போயிருக்காங்க சார். என் சர்வீஸ்ல இப்படிக் காலி பண்ணின குடித்தனத்தைப் பார்த்ததில்லை."

வீட்டுக்காரர் பெயிண்டரைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னார்.

பத்து நாளில் வீடு புதுசாகிவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் மாடி ஏன் காலி என்று கேட்டார்கள். "மகள் வந்தா தங்கறதுக்காக யாருக்கும் விடலை" என்றார். முதல் தடவை நாக்கு இடறியது. மூன்றாவது தடவை சரளமாக வந்தது.

நாலாவதாக வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவியோடு வந்து பார்த்துவிட்டுப் போனவர், இரண்டு நாள் கழித்துத் தனியாக வந்தார். தரகரும் இருந்தார்.

"மாடியில ஒருத்தர் குடியிருந்து, இறந்துட்டாராமே? எதிர் மருந்துக்கடையில சொன்னாங்க."

வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் தரகர் முந்திக்கொண்டார். "சாவு இல்லாத வீடு எங்க சார் இருக்கு?"

"அதுக்கில்லைங்க. நீங்க மறைச்சது தெரிஞ்சதும் மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் மனைவி அந்த அம்மாவையே தேடிப் பிடிச்சுட்டா. ஒரு தையல் கடையில வேலை செய்யறாங்க."

"என்ன சொன்னாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"எல்லாத்தையும் சொன்னாங்க."

வாத்தியார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மதியம் திடீர்னு நெஞ்சு வலின்னு அவர் சுருண்டு விழுந்ததும் கீழ ஓடி வந்து உங்க கதவைத் தட்டினாங்களாம். ரெண்டாவது தட்டுக்கே நீங்க திறந்துட்டீங்களாம். உங்க கார்ல நீங்களே தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினீங்களாமே. வழியிலயே உயிர் போனதுக்கு யார் என்ன பண்ண முடியும்? 'நல்ல மனுஷர் வீடு, யோசிக்காம வாங்குங்க'ன்னு அவங்க சொன்ன அப்புறம் எங்களுக்கு வேற யோசனையே இல்லை. நாங்க வாங்கிக்கறோம் சார்."

"இவ்வளவு செஞ்சிருக்கீங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே சார்," என்று தரகர் மரியாதையோடு எழுந்து நின்றார்.

அந்த மதியம், முதல் தட்டு விழுந்ததுமே டி.வி. சத்தத்தை நிறுத்திவிட்டு, தட்டுவது ஓயும்வரை மூச்சுக்கூட விடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், இருவர் முகத்தையும் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.