வெள்ளிக்கிழமை ஊதல்

"அக்கா, இன்னொருக்கா ஊதட்டோ?"

பஸ் முதலாளி மியூரியலுக்குச் சந்தேகம் தட்டியது. சாரதிகள் கருவியில் ஊதும் மதுச் சோதனை காலையில் மட்டும்தான். நதானியேல் மட்டும் வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்த பிறகும் வந்து நிற்கிறான். கருவியை ஏமாற்றப் பழகுகிறானோ?

"என்னத்துக்கு?"

"சும்மா அக்கா."

"உண்மையைச் சொல்லும். இல்லாட்டி நாளைக்கு பஸ்ஸிலை ஏறேலாது."

அவன் தலைகுனிந்தபடி வாசல் கேற்றடியைக் காட்டினான். அவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் மனைவி அபிகாயில், சின்ன மகளின் கையை இறுகப் பிடித்தபடி நின்றாள்.

"குடிச்சிருந்தால் பிள்ளையை என்னோடை விடமாட்டா, அக்கா. நான் சொன்னால் நம்பவும் மாட்டா."

மியூரியல் கருவியை நீட்டினாள். அவன் ஊதினான். அவள் எண்ணைப் பார்த்துவிட்டு, கேற்றடிக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

"பூச்சியம்!"

அபிகாயில் பிள்ளையின் கையை விட்டாள்.