ஆறாம் பாகத்தின் இரக்கம்

“ஆறாவதைத் தூக்கிக் கடைசியில போட்டுட்டேன். ஈவு இரக்கமே பாக்கல,” என்றான் கறார்.

“பாவம், கடைசியா வந்தது. ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லியிருக்கலாம்,” என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

கேட்பவர்கள் ஏதோ பிள்ளைகளைப் பற்றிய பேச்சு என்று நினைக்கலாம். ‘கல்வாசல்’ என்ற கையடக்க வீடியோ கேமைப் பற்றிய பேச்சு அது; வழிமறிக்கும் காவலர்களைச் சாய்த்து, கடைசி வாசலுக்குள் இருக்கும் விளக்கை எடுப்பதுதான் ஆட்டம். இருபது வருடத்தில் ஆறு பாகம் வந்துவிட்டது, ஏழாவது நாளை வருகிறது. ஆறையும் ஒப்பிட்டு, எது உசத்தி எது மட்டம் என்று அவன் எழுதிய கட்டுரை அன்று காலைதான் வாரப் பத்திரிகையில் வெளியாகியிருந்தது.

கறார் என்பது புனைபெயர். பிழைப்புக்கு அச்சகத்தில் பிழை திருத்துகிறான். எட்டு வருடமாக கேம் விமர்சனம் எழுதியும் கிடைத்ததெல்லாம் கால் பக்கம்தான், அதுவும் விளம்பரம் வராத வாரத்தில். வாராவாரம் தன் பெயர் போட்டு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆசைப்பட்டே பாதி இளைத்துப் போயிருந்தான்.

பத்திரிகையை விரித்து, குரலை ஏற்றி இறக்கி வாசித்தான். “‘முதல் பாகம் என் பல்லைப் பிடுங்கியது. மூன்றாவது, நாலு மாதம் தூங்கவிடவில்லை. ஐந்தாவதில் ஒரு பாலத்தைத் தாண்ட நூறு தடவை செத்தேன். போன வருடம் வந்த ஆறாவதோ முதுகெலும்பே இல்லாதது. இதைப் போய்க் கஷ்டம் என்று புலம்புகிறவர்களுக்குக் கட்டைவிரல் இருப்பதே வீண்.’ எப்படி?”

சோபாவில், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு கனைப்பு வந்தது. அது மாமனார். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இரண்டு வருடமாக மகள் வீட்டோடு இருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டுக்கு அவர்தான் காவல்.

“கல்யாணமான மனுஷன் கையில பொம்மை. அதுல எது ஒசத்தின்னு பஞ்சாயத்து வேற,” என்றார், செய்தித்தாளைப் பார்த்தபடியே.

கறார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடமாகக் கேட்டுப் புளித்த பாட்டுதான். அதற்குள் போன் அடித்தது. பத்திரிகை ஆசிரியர்.

“கறார், காலையிலேர்ந்து போன் ஓயல. ஆறாம் பாகத்துல தோத்தவங்கல்லாம் சண்டைக்கு நிக்கிறாங்க. கடைசிக் காவலனை நீங்க நிஜமாவே முடிச்சீங்களான்னு கேக்கறாங்க.”

“அவன் காலி சார். உள்ள போய் விளக்கையே எடுத்தாச்சு. கதை முடிஞ்சுது.”

“அப்போ நாளைக்கு ஏழாம் பாகம் வெளியிடற மேடையில, எல்லாரும் பாக்க அவனை இன்னொரு தடவை முடிங்க. அரை மணி நேரம் தர்றாங்க. முடிச்சா அடுத்த வாரத்துலேர்ந்து முழுப் பக்கம் உங்களுது. முடிக்கலைன்னா, மன்னிச்சுக்கங்க, இனிமே உங்க எழுத்தை என்னால போட முடியாது.”

“அரை மணி எதுக்கு சார்? பத்து நிமிஷம் போதும். அப்படியே விளம்பரம் குடுத்துடுங்க.”

“யோசிச்சு சொல்லுங்க. குடுத்துட்டா மாத்த முடியாது.”

“குடுங்க சார்.”

போனை வைத்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. எட்டு வருடத்துக் கனவு, நாளைக்குப் பத்து நிமிட வேலை. சந்தோஷத்தில் மடித்து வைத்த துணி மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

“எதுக்கும் ஒரு தடவை ஆடிப் பாத்துக்கங்களேன்,” என்றாள் மனைவி, துணியை உருவிக்கொண்டு.

“தேவையே இல்ல. ஒரு ரகசியம் சொல்றேன், வெளியில விட்டுடாத. எந்த விமர்சகனும் கண்டுபிடிக்காதது.” அவன் குரலைத் தாழ்த்தினான். “மத்த அஞ்சும் ராட்சசங்க. ஆறாவதுக்கு மட்டும் மனசு இளகிடும். எங்கயாவது மாட்டிக்கிட்டா, அப்படியே சேமிச்சு மூடி அலமாரியில வெச்சுடணும். மறுபடி எடுத்தா வழி தானா விட்டிருக்கும்.”

“கடைசிக் காவலனுமா?”

“அவனும்தான். மூணு தடவை தோத்தேன். மூடி வெச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் வேலை விட்டு வந்து திறந்தா, வாசல்ல ஆளே இல்ல. நேரா நடந்து போய் விளக்கை எடுத்தேன். நாளைக்கும் அதேதான். மூணு தடவை தோக்கறேன், மூடறேன், திறக்கறேன்.”

“என்னமோ, எனக்கு இதெல்லாம் புரியல,” என்றாள் அவள். புரியாதவர்களை மன்னிக்கும் பெருந்தன்மையோடு கறார் சிரித்தான்.

செய்தித்தாள் மெதுவாகக் கீழே இறங்கியது. மாமனார் எழுந்து வந்து, அந்தக் கட்டுரையை மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்து ஒரு வரி விடாமல் வாசித்தார். கட்டைவிரலைப் பற்றிய இடம் வந்ததும் அவர் முகம் சுண்டிப்போனது.

“என்ன மாமா, நல்லா இருக்கா?” என்றான் கறார்.

அவர் பத்திரிகையை மடித்து அவன் மடியில் வைத்தார். மனம் நொந்து போய்ச் சொன்னார்:

“அவனைச் சாய்க்கறதுக்குள்ள அன்னிக்குப் பகல் பூரா நான் நாப்பத்திமூணு தடவை செத்தேன், மாப்பிள்ளை.”