இன்னும் மூணு பேர்

தலைவர் பெரியதம்பிக்கு வியர்த்துக் கொட்டியது. பந்தலில் இரண்டு ஃபேன் ஓடியும் ஜரிகைத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பயம்தான், வேறென்ன. கிராம சபைக் கூட்டம் என்றால் இந்த ஊரில் நாலு பெரிசுகள், இரண்டு நாய்கள், ஒரு கேன் டீ. இன்றைக்கோ ஊரிலுள்ள காலேஜ் பிள்ளைகளாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஊர், திண்டிவனத்திலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். ஊர்ப் பெயரைச் சொன்னால் குழாயில் தண்ணீர் நின்றுவிடும், வேண்டாம்.

கூட்டி வந்தவள் சங்கவி. விழுப்புரத்தில் எம்.ஏ. படிக்கிறவள். ஏரிக்கரையில் டவுன் குப்பையைக் கொட்டக் கிடங்கு வரப்போகிறது என்று காதில் விழுந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கரைக்குக் கீழேதான் ஊருக்கே குடிதண்ணீர் கொடுக்கிற போர். அதை ஒட்டி அவள் வீடு.

பத்து நாள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். “ஓட்டுப் போடற வயசு வந்துடுச்சில்ல, வாயும் வரணும். வந்து ஒக்காருங்க, எதுத்துப் பேசுவோம்” என்று ஒவ்வொருவரையும் பிடித்து இழுத்தாள்.

“வாம்மா சங்கவி, எளைஞருங்க வந்தாத்தான் கூட்டத்துக்கே களை” என்றார் தலைவர். வாய் சிரித்தது, துண்டு மட்டும் நிற்கவில்லை.

“பாத்தியா, நம்மளப் பாத்து எப்படிப் பம்முறாருன்னு” என்று கூட வந்த மணிமாறன் அவள் காதைக் கடித்தான்.

ஊராட்சிச் செயலர் நெடுஞ்செழியன் தீர்மான நோட்டோடு வந்தார். “மொதல்ல எல்லாரும் ஒரு கையெழுத்து. அப்பறம் பொழுதுக்கும் பேசுங்க, யாரு வாணாங்கறது.”

“மேல பாதிப் பக்கம் வெறுமனே கீதே சார்?” என்றாள் சங்கவி.

“நீங்க பேசினாத்தானம்மா எழுத முடியும். பேசறதுக்கு முன்னாடியே எழுதி வச்சா அது அநியாயம் இல்லியா?”

அதுவும் சரிதானே. சங்கவி முதல் ஆளாக ஊதா ஜெல் பேனாவில் கையெழுத்துப் போட்டாள். நோட்டு வரிசை வரிசையாக நகர்ந்தது. செயலர் கடைசியில் அதை வாங்கி, பேனா முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினார்.

“தொண்ணூத்தேழு” என்றார்.

தலைவர் மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். “இன்னும் மூணு பேர் இருந்தா நூறு. ரவுண்டா இருக்கும் பாரு.”

சங்கவிக்கும் அந்த ஆசை தொற்றிக்கொண்டது. நூறு பேர் எதிர்த்தார்கள் என்றால் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் கேட்குமே. போனை எடுத்தாள்.

“டேய் திருமுருகா, எங்கடா கீற?”

“கிரவுண்டுல. பேட்டிங் பண்ணிக்கினு கீறேன்.”

“பேட்ட அங்கியே போட்டுட்டு, கூட ரெண்டு பேர இட்டுக்கினு ஜல்தியா வா. வரலன்னா அடுத்த மாசம் குப்பை மேல நின்னுதான் பேட்டிங்.”

பத்து நிமிஷத்தில் ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். நூறாவது கையெழுத்து விழுந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தலைவர் துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு சங்கவி பேசினாள். போர் தண்ணீர், குழந்தைகள், கொசு, நோய் என்று கால் மணி நேரம் விளாசித் தள்ளினாள். தலைவரே எழுந்து நின்று கைதட்டி, அவளுக்குச் சால்வை போர்த்தி, எல்லாருக்கும் லட்டு கொடுத்து அனுப்பினார். “எப்படிப் பணிய வச்சோம் பாத்தியா” என்று ஊரே இரண்டு நாள் அதையே மென்றது.

மூன்றாவது வாரத்தில் முதல் லாரி வந்தது. அழுகின கோழிக் குடல், மீன் செதில், மூட்டை கட்டின டயப்பர். கறுப்பாக ஒரு சாறு கரையிலிருந்து வழிந்து போரைப் பார்த்து நடந்தது. நாலாம் நாள் காலையில் சங்கவியின் அம்மா தையல்நாயகி, பிடித்த குடத்தை மோந்து பார்த்தாள். அப்படியே கவிழ்த்துவிட்டு, குழாயடியிலேயே குமட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

சங்கவி ஊராட்சி ஆபீசுக்கு ஓடினாள். “யாரக் கேட்டு கொட்டறீங்க?”

“ஊரக் கேட்டுத்தாம்மா” என்று செயலர் நோட்டைத் திருப்பி வைத்தார்.

அன்றைக்கு வெறுமையாக இருந்த இடத்தில் இப்போது நீல மையில் நாலு வரி. ஏரிக்கரையில் குப்பைக் கிடங்கு அமைக்க கிராம சபை ஏகமனதாக ஒப்புதல் அளிக்கிறதாம். அதற்குக் கீழே நூறு கையெழுத்து. முதல் கையெழுத்து ஊதா.

“நாங்க எதுத்துத்தானே பேசினோம்?” சங்கவி நோட்டைத் தட்டினாள்.

“பேசின, பேசின. நான்தான் கைதட்டினேனே.” பக்கத்து நாற்காலியில் இருந்த தலைவர் மிக்சர் தட்டை அவள் பக்கம் தள்ளினார். அதில் குப்பைமேட்டு ஈக்கள் நாலைந்து உட்கார்ந்திருந்தன. அவர் விரட்டவில்லை.

“மே மாசக் கூட்டத்துக்கு முப்பது பேரு, ஆகஸ்டுல நாப்பது. நூறு தல இல்லன்னா கூட்டமே செல்லாது. பொய்க் கையெழுத்து போடலாம்னா எவனாவது பெட்டிஷன் போட்டுடறான். ரெண்டு வாட்டி தள்ளிப்போயி நான் பட்ட பேஜாரு எனக்குத்தான் தெரியும்.”

ஒரு பிடி மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, பெற்ற மகளிடம் பேசுகிற மாதிரி அன்பாகச் சொன்னார்.

“நீ மட்டும் ஆளுங்கள இட்டுக்கினு வரலன்னா, இந்த லாரியும் வந்திருக்காதும்மா.”