குடோன் எரிந்துகொண்டிருந்தபோது

“என் குடோன் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு டீச்சர். இதை இங்கிலீசுல சொல்லணும். கேக்கவன் கண்ணுல தண்ணி வரணும்.”

தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி முத்துசெல்வம் இதைச் சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கோவில்பட்டியில் ஒரு கடலைமிட்டாய்க் கடை மாடியில் நடக்கிறது சுதாராணியின் ‘முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம்’ வகுப்பு. முதலாளிக்கு முப்பது நாள் வேண்டாம், பத்து வரி போதும்.

சுதாராணி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடமாக அவள் வகுப்பு நடத்துகிறாள். ‘நேற்று சாயங்காலம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கதையாகச் சொல்லுங்கள்’ என்றால் வருகிற அத்தனை பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் வீட்டிலாவது ஒரு பூனை குறுக்கே ஓடியிருக்கக் கூடாதா? இப்போதுதான் முதல்முறையாக ஒரு மனுஷர் உண்மையான கதையோடு வந்திருக்கிறார்.

குடோன் குளத்தூர் போகிற வழியில் காட்டுக்குள் இருக்கிறதாம். டவுனில் யாருக்கும் சேதி தெரியாததில் வியப்பில்லை. நொந்துபோனவரிடம் பீஸ் வாங்குவது பாவம் என்று சுதாராணி முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“இன்சூரன்சுல இருந்து பம்பாய்க்காரன் ஒருத்தன் வந்து விசாரிப்பானாம். அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்னு வைங்க, பொய்யின்னு எழுதிட்டுப் போயிருவான். அம்புட்டுதான். கம்பெனியை இழுத்து மூடிட்டு நான் கடம்பூர்ல போளி விக்கப் போக வேண்டியதுதான்.”

“அப்படி விட்ருவேனா அண்ணாச்சி. எங்க, நீங்களா ஒருதடவ சொல்லுங்க.”

“ஐ சிட். பயர் கம். குடோன் கோ.”

சுதாராணி காதைப் பொத்திக்கொள்ளாத குறை.

“இது தந்தி அடிச்ச மாதிரி இருக்கு அண்ணாச்சி. இங்கிலீசுல கதை சொல்லணும்னா ‘வாஸ்’ போடணும், வாலுல ‘இங்’ போடணும். உக்காந்துக்கிட்டு இருந்தேன், காத்து அடிச்சிக்கிட்டு இருந்துச்சு, அப்பம் பாத்து திடீர்னு புகை. கேக்கவியளுக்கு அங்கனயே நிக்க மாதிரி இருக்கும். பாஸ்ட் கன்டினியூஸ்ல பேசுத ஆளைப் பொய் சொல்லுதான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ.”

இதை எந்த வெள்ளைக்காரன் வந்து அவளிடம் சொன்னானோ தெரியாது. பதினோரு வருடமாக அவள் சொல்லிவருவது இதைத்தான். பீஸ் கட்டியவர்கள் நம்பித்தானே ஆகவேண்டும்.

“சரி, தீப்பிடிக்கையில நீங்க என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீங்க?”

“வீட்ல தயிர்சோறு சாப்பிட்டுக்கிட்டு...”

“தயிர்சோறு வேண்டாம். கர்டு ரைசுன்னு சொல்லையில உங்களுக்கு நாக்கு சுருட்டுது. டீன்னா லேசா வரும்.”

“அப்பன்னா டீயே குடிச்சிக்கிடுதேன் டீச்சர்.”

இவ்வளவு சொல்பேச்சுக் கேட்கிற மாணவர் அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. “ஐ வாஸ் டிரிங்கிங் டீ” என்று ஏழு தடவை சொல்லவைத்தாள்.

“தீ எப்படிப் பிடிச்சதுன்னு கேப்பாரே?”

“வயருன்னுதான் எல்லாரும் சொல்லுதாவ. நானும் அதையே சொல்லிருதேன்.”

“வயர் வாஸ் ஸ்பார்க்கிங். நல்லா இருக்கு. வேலையாளுக எங்க இருந்தாவ?”

“ஒருத்தரும் இல்ல. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவு.”

“நல்லவேளை, ஒரு உசுருக்கும் சேதமில்ல. சாமிதான் காப்பாத்தியிருக்கு.”

“அதெல்லாம் நாமதான பாத்துக்கிடணும் டீச்சர்” என்றார் முத்துசெல்வம் அடக்கமாக. முதலாளி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று சுதாராணி உருகிப்போனாள்.

நான்காம் நாள் முழுக் கதையும் ஒத்திகை. முத்துசெல்வம் எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

“ஐ வாஸ் டிரிங்கிங் டீ. விண்ட் வாஸ் புளோயிங். மை வொர்க்கர்ஸ் வேர் டான்சிங் இன் தி டெம்பிள். சடன்லி ஸ்மோக் வாஸ் கமிங். ஐ வாஸ் ரன்னிங், ரன்னிங். மை குடோன் வாஸ் பர்னிங். ஐ வாஸ் கிரையிங்.”

கடைசி வரியில் குரல் தானாகவே உடைந்தது. வெளிநாட்டு வேலைக்காகப் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருந்த இரண்டு நர்சுகள் வாசலில் வந்து நின்று மூக்கை உறிஞ்சினார்கள். சுதாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருடம் கத்தியதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்ததாக அவளுக்கு இருந்தது.

“பம்பாய்க்காரர் கல்லு மனசா இருந்தாலும் கரைஞ்சிருவார் அண்ணாச்சி. ‘பர்னிங்’ மட்டும் இன்னும் கொஞ்சம் இடிக்கு. ரெண்டு நாள் கூட வந்தீங்கன்னா அதுவும் சுத்தமாயிரும். அப்புறம், எடுத்ததும் தேதியைச் சொல்லணும்லா? குடோன் எரிஞ்சது என்னைக்கு?”

முத்துசெல்வம் சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் போனார். விரல் வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“வாற வெள்ளிக்கிழமைன்னு வச்சிருந்தேன். நீங்க ரெண்டு நாள் கூடக் கேக்குதீங்க, அப்பம் திங்கக்கிழமை பத்த வச்சிக்கிடுதேன் டீச்சர்.”